வெற்றியில் நிற்காத வண்டி

முதுகு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு அது. ஹிசா சான் பின்னால் குட்டை மணையில் உட்கார்ந்து என் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இடது தோளில் ஆரம்பிப்பாள், கழுத்துக்குக் கீழே வருவாள், வலது தோளுக்குப் போவாள், அப்புறம் நடுமுதுகு, கடைசியில் இடுப்பு. இத்தனை வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. இப்போது வலது தோளில் இருக்கிறாள். நடுமுதுகுக்கு வந்ததும் சொல்லலாம். இல்லை, நடுமுதுகு வேண்டாம், அங்கே கை வைத்தால் எனக்குக் கூச்சம், சிரிப்பு வந்துவிடும், சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயமா இது. இடுப்புக்கு வரட்டும். இடுப்பைச் சட்டென்று முடித்துவிடுவாள், அவளுக்குக் குனிந்தால் முழங்கால் வலி, அந்த நேரம் போதாது. அப்படியானால் இப்போதே. இப்போது வேண்டாம், குழாயடியில் மீன்கடைக்காரர் மனைவி தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அவள் காதுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கப் போய்விடும். நாலு மணிக்கு இந்தக் குளியல்கூடத்தில் கூட்டம் இருக்காது என்றுதான் நாங்கள் எப்போதும் நாலு மணிக்கு வருகிறோம். இன்றைக்குப் பார்த்து ஏழெட்டுப் பேர். சனிக்கிழமை, அதனால்தான். நாளைக்கு ஞாயிறு. நாளைக்குக் காலை பத்து மணிக்கு ஹிசா சான் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் நிச்சயதார்த்தத் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். வருவார் என்றால் எட்டடி தூரம். பக்கத்துப் பக்கத்து வீடு. அவள் மகன் தொஷியோவுக்கும் என் மகள் நோபுகோவுக்கும் கல்யாணம். தட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அப்புறம் சொல்ல முடியாது. சொன்னால் அது இரண்டு பிள்ளைகள் தலையில் விழும். இன்றைக்கே சொல்ல வேண்டும். "என்ன தொமே சான், உடம்பு இப்படி விறைச்சுக்கிட்டு இருக்கு? பொண்ணைக் குடுக்கற கவலையா? எங்க போகப் போறா, சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே" என்கிறாள் ஹிசா சான். நான் "ம்" என்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம். அது ஒரு சுவரா. மூங்கில் சிம்பைப் பின்னி மண் பூசியது. உவேனோ மேட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் எல்லா வீடும் அப்படித்தான், ஒரே கூரை, நடுவில் தடுப்பு. போரில் குண்டு விழுந்து டோக்கியோவில் பாதி எரிந்தபோது தீ இரண்டு சந்து தள்ளி நின்றுவிட்டது, அதனால் எங்கள் சுவர் மிஞ்சியது. அந்தப் பக்கம் தீக்குச்சி கிழித்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஹிசா சான் வீட்டுக்காரர் இசாகு டிராம் வண்டியில் நடத்துநர். குரல் என்றால் அப்படி ஒரு குரல், எண்ணெய் போட்ட மாதிரி. வேலை முடிந்து வந்தாலும் அவருக்கு அந்தப் பழக்கம் விடாது. அடுப்பில் சோறு பொங்கினால், "அடுத்து வருவது சோறு, சோறு. ஊறுகாய்க்குப் போகிறவர்கள் இங்கே மாறிக்கொள்ளவும்" என்பார். குழந்தை தொஷியோ தூங்க அடம்பிடித்தால், "கடைசி நிறுத்தம், எல்லாரும் இறங்கவும்" என்பார். அப்போது என் வீட்டுக்காரர் சீனாவில் படையில் இருந்தார். கடிதம் வந்தால் அதில் பாதி கறுப்பு மையால் அடித்திருக்கும். நானும் நோபுகோவும்தான் வீட்டில். அவளைத் தூங்கப் போட்டுவிட்டு நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். ஒட்டுக் கேட்பதற்கு இல்லை. இல்லை, பொய் எதற்கு, கேட்கத்தான். இன்னொரு வீட்டில் ஓர் ஆண்பிள்ளை பேசுகிற சத்தமும் ஒரு பெண்பிள்ளை சிரிக்கிற சத்தமும் கேட்டால் குளிர் கொஞ்சம் குறையும். அது பிப்ரவரி மாதம். போர் முடிவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால். ஏழு மணிக்கு ரேடியோவில் பேரிகை, எக்காளம், எங்கேயோ தெற்குக் கடலில் மாபெரும் வெற்றி என்று ஒருவர் கத்தினார். ஒவ்வொரு வாரமும் மாபெரும் வெற்றி, ஒவ்வொரு வாரமும் அரிசி குறையும். ரேடியோ அணைந்தது. பிறகு இசாகுவின் அந்த எண்ணெய்க் குரல்: "அடுத்து வருவது வெற்றி, வெற்றி. இந்த வண்டி வெற்றியில் நிற்காது." ஹிசா சான் "ஷ்ஷ்" என்றாள், ஆனால் அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். இந்தப் பக்கம் நானும் சிரித்தேன், சத்தம் வராமல் முன்கையைக் கடித்துக்கொண்டு. எத்தனை மாதம் கழித்துச் சிரித்தேன் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குள் வைத்துக்கொண்டு, துணி துவைக்கும்போது நினைத்துச் சிரித்துக்கொண்டு, அப்படியே விட்டிருக்கலாம். மறுநாள் ரேஷன் மீனுக்கு வரிசை. வீட்டுக்கு ஒரு துண்டு. ஏழு பேர் நின்றோம், எட்டு பேரா, எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள், பின்னால் மூன்று பேர், என்னைச் சேர்த்தால் எட்டு. குதிகாலிலிருந்து குளிர் ஏறியது. நான் எப்போதுமே வாய் திறக்காதவள். என் ஊர் டோக்கியோவுக்கு வெகு வடக்கே, கல்யாணமாகி வந்தபோது என் பேச்சின் இழுவையைக் கேட்டு இந்தச் சந்துப் பெண்கள் கேலி செய்தார்கள், அன்றைக்கு மூடிய வாய். வரிசையில் யாரோ, "வெற்றி வெற்றிங்கறாங்க, மீன் மட்டும் வால் பக்கமாவே வருதே" என்றாள். அப்போது என் வாய் திறந்துகொண்டது. ஏன் திறந்தது. இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்குப் போய் நின்று பார்க்கிறேன், என் வாயை என் கையாலேயே பொத்தப் பார்க்கிறேன், முடிவதில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கி, மணிக்கயிறை இழுக்கிற மாதிரி இரண்டு தரம் இழுத்து, அவர் குரலிலேயே சொன்னேன். இழுவை இல்லாமல். அச்சு அசலாக. வெற்றியில் நிற்காது. ஒரு கணம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள், அப்படிச் சிரித்தார்கள், ஒருத்தி என் தோளில் தட்டி, "தொமே சான், உங்களுக்கு இப்படியெல்லாம் பேச வருமா!" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அந்தத் தட்டலுக்காகத்தான். எனக்கு அவர் மேல் பகையா, பொறாமையா, ஒன்றும் இல்லை. அந்த வேடிக்கை என்னுடையது என்று ஒரு நிமிஷம் நின்றேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நான் சொன்னேனா? சில நாள் நினைத்தால் சொன்னேன் என்று இருக்கிறது. சில நாள் சொல்லவே இல்லை என்று இருக்கிறது. சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. சந்தில் டிராம் நடத்துநர் ஒரே ஒருவர்தான். என் வாயில் அவர் குரல் வந்ததே, அது பெயரைச் சொன்ன மாதிரிதானே.

நடுமுதுகுக்கு வந்துவிட்டாள். கூசுகிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். எதிரே சுவரில் ஃபூஜி மலை, போன மாதம்தான் புதிதாக வரைந்தார்கள், நீலம் கொஞ்சம் அதிகம். நாலு நாள் கழித்துக் கோட் போட்ட போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். காலை நேரம், இசாகு வேலைக்குக் கிளம்பிக் காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். அவர்களோடு போகும்போது என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "ரெண்டு நாள் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். என்னிடம். பத்தொன்பது நாள் கழித்து விட்டார்கள். திரும்பி வந்தவர் எதையும் அறிவிக்கவில்லை. சோறு பொங்கியது, குழந்தை அடம்பிடித்தது, சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், ஒரு நாளாவது வராதா என்று. ஏப்ரலில் அவருக்குச் சிவப்புக் கடுதாசி வந்தது, படையில் சேரச் சொல்லி. முப்பத்தொன்பது வயது ஆளுக்கு, ஒரு காது சரியாகக் கேட்காத ஆளுக்கு. அந்தக் காது அந்தப் பத்தொன்பது நாளுக்கு முன்னால் நன்றாகக் கேட்டது. ஏற்றிக்கொண்டு போன கப்பல் மூழ்கிவிட்டது என்று இலையுதிர் காலத்தில் ஓர் ஆள் வந்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியைக் கொடுத்தார். உள்ளே பெயர் எழுதிய மரத்துண்டு, வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் ஹிசா சான் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள், "குரோதாதான். சந்துச் சங்கத் தலைவன்னு கையில பட்டை கட்டிக்கிட்டு ராத்திரி இருட்டடிப்புல விளக்குத் தெரியுதான்னு ஒவ்வொரு ஜன்னலா சுத்துவானே, நம்ம ஜன்னலுக்குக் கீழ நின்னு கேட்டிருக்கான். வேற யாரும் இல்ல." நான் உலர்த்திய துணியின் முனையை நீவிக்கொண்டிருந்தேன். "இருக்கும்" என்றேன். இருக்கும். ஒரே ஒரு சொல். வரிசையில் பேசினது வாய் தவறி வந்தது என்று யாராவது எனக்காக வாதாடலாம். இந்த 'இருக்கும்' வாய் தவறி வரவில்லை. யோசித்து, அளந்து, நீவிய துணியோடு சேர்த்து மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

குரோதா, அடுத்த வருஷம் டோக்கியோ எரிந்த அந்த மார்ச் மாதத் தீயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கையைத் தேடிப் போனவர், திரும்பவில்லை. செத்தவர் வந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. ஹிசா சான் அவர் படத்துக்கு ஊதுபத்தி வைக்கப் போகவில்லை, அவள் போகாததால் சந்தில் ஒருத்தரும் போகவில்லை. நான் போகலாம் என்று சந்தின் முனை வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. போர் முடிந்த வருஷம் சாப்பாட்டுக்கு வழியில்லை. ஹிசா சான் ரயிலில் கூரை மேல் உட்கார்ந்து கிராமத்துக்குப் போய், இசாகுவின் குளிர்காலக் கோட்டைக் கொடுத்து ஒரு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்தாள். பித்தளைப் பொத்தான் வைத்த கோட். மூட்டையை என் வாசலில் அவிழ்த்து, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பங்கு போட்டாள். நான் வேண்டாம் என்றேன். "குழந்தை முகத்தைப் பாருங்க, என்ன வேண்டாம்" என்று திட்டினாள். அந்தக் கிழங்கு அவ்வளவு இனிப்பு. நோபுகோ தோலைக்கூட விடவில்லை. அவர் கோட்டில் பாதியை நாங்கள் தின்றோம், இந்த உடம்பில் அது இருக்கிறது, இப்போது அவள் தேய்க்கிற இந்த முதுகில். என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார், அவரிடமும் நான் சொல்லவில்லை. நோபுகோவுக்குத் தொண்டை அடைத்துக் காய்ச்சல் வந்தபோது அவளை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மைல் ஓடியவள் ஹிசா சான்தான், நான் செருப்பு அறுந்து பின்னால் அழுதுகொண்டு போனேன். அப்புறம் வருஷங்கள் ஓடின. சோயா தீர்ந்தால் சுவரில் தட்டினால் போதும். தொஷியோ ரேடியோ பழுதுபார்க்கப் பழகி, முதல் ரேடியோவைக் கட்டி எங்கள் வீட்டில்தான் வைத்தான். மழை நாளில் இரண்டும் ஒரே குடையில் பள்ளிக்கூடத்திலிருந்து வரும். ஒரு நாள் அந்தக் குடையின் கீழே பேச்சு நின்றுபோயிருந்ததை ஹிசா சானும் நானும் ஒரே நேரத்தில் கவனித்து, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். நான்கூடச் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். இது வரப்போகிறது, வந்தால் என்ன செய்வேன். அன்றையிலிருந்து அதே கேள்விதான். வந்துவிட்டது.

இடுப்பு முடிந்தது. வாளித் தண்ணீரை முதுகில் சரித்து ஊற்றுகிறாள். "ஆச்சு, திரும்புங்க, என் முறை." கெடு முடிந்துவிட்டது. சொல்லவில்லை. மணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவள் முதுகுக்கு வருகிறேன். சரி, இந்த முதுகு முடிவதற்குள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம், சௌகரியம் என்று நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. வலது தோள்பட்டைக்குக் கீழே மச்சம், அதற்குக் கீழே கொப்புளம் ஆறிய தழும்பு, ரயில் கூரையில் தீப்பொறி பட்டது. நான் துண்டைச் சுற்றிச் சோப்புப் போடுகிறேன், அழுத்தித் தேய்க்கிறேன். "மெதுவா, மெதுவா, கல்யாணத்துக்கு முன்னால சம்பந்தியைத் தோலுரிச்சிடாதீங்க" என்கிறாள். இன்றைக்கு அவளுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு. சிவப்புப் பயறு ஊறப் போட்டாயிற்றாம், காலையில் நாலு மணிக்கே எழுந்து பயற்றுச்சோறு ஆக்கிச் சந்தில் எல்லா வீட்டுக்கும் அனுப்பணுமாம். "பதினோரு வீடு" என்கிறாள். நான் மனசுக்குள் எண்ணுகிறேன். குரோதா வீட்டையும் சேர்த்தால் பன்னிரண்டு வீடு. அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவு திறக்கிறது, குளிர்காற்றோடு குரோதா சானின் மனைவி உள்ளே வருகிறாள். அறுபது வயதுக்கு மேலே இருக்கும், கூன் விழுந்துவிட்டது. எல்லாருக்கும் பொதுவாகத் தலையைக் குனிகிறாள். மீன்கடைக்காரர் மனைவி பதிலுக்குக் குனிகிற மாதிரி பாவனை செய்து வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள், இடம் விடுவது போல, ஆனால் தள்ளிப் போ என்பது போல. குரோதா சானின் மனைவி கோடிக் குழாய்க்குப் போய் உட்காருகிறாள். பக்கத்தில் மூன்று மணை காலி. ஹிசா சான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் கழுத்து இறுகுவது என் கைக்குத் தெரிகிறது. பிறகு அதை உதறிவிட்டு, இன்றைக்கு நல்ல நாள் என்று உதறிவிட்டு, மெல்லிய குரலில் சொல்கிறாள்: "அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? அடுத்து வருவது கல்யாணம், கல்யாணம். பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்கள் இங்கே மாறிக்கொள்ளவும்." அவள் அவர் மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை. நன்றாக வரவில்லை. என்னைவிட நன்றாக வரவில்லை. அந்த நினைப்பு வந்தது பாருங்கள், என்னைவிட என்று, அதுதான் என்னைத் தள்ளிவிட்டது. என் கை நின்றுவிட்டது. "ஹிசா சான், குரோதா இல்ல" என்கிறேன்.

"என்ன குரோதா இல்ல?" என்கிறாள், இன்னும் சிரிப்பு மிச்சமிருக்கிற குரலில். "உங்க வீட்டுக்காரர் சொன்னதை வெளிய சொன்னது குரோதா இல்ல. நான். மீன் வரிசையில. சிரிக்கறதுக்காகச் சொன்னேன். நாலு நாள்ல அவங்க வந்தாங்க." அவ்வளவுதான். இத்தனை வருஷம் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன், எவ்வளவு நீளமாக, எத்தனை மன்னிப்போடு, எவ்வளவு கண்ணீரோடு. வந்தது இவ்வளவுதான். அவள் முதுகு அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன், விடுகிறாள், மச்சம் ஏறி இறங்குகிறது. பெரிய தொட்டியில் யாரோ இறங்கித் தண்ணீர் விளிம்பில் வழிகிறது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் இருமுகிறார். பின்னால் கையை நீட்டி என்னிடமிருந்து துண்டை வாங்கிக்கொள்கிறாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொள்கிறாள். "எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்கிறாள். எனக்குப் புரியவில்லை. "அவர் குரல்லயா சொன்னீங்க?" "ஆமா." "சொல்லுங்க." "ஹிசா சான்..." "இப்பச் சொல்லுங்க." இத்தனை வருஷமாக மனசுக்குள்கூட அந்தக் குரலில் சொல்லிப் பார்த்ததில்லை, இருந்தும் அது அங்கேயே இருக்கிறது, துரு ஏறாமல். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொல்கிறேன். அடுத்து வருவது வெற்றி, வெற்றி. இந்த வண்டி வெற்றியில் நிற்காது. அவள் தோள் ஒரு தடவை குலுங்குகிறது. சிரிப்பா அழுகையா, முகம் தெரியவில்லை. "கடைசியில 'மன்னிக்கவும்'னு சொன்னார். அதை விட்டுட்டீங்க" என்கிறாள். "எனக்கு அது கேக்கல" என்கிறேன். "மெதுவா சொன்னார். நான் ஷ்ஷ்னேன், அதுக்கப்புறம் மெதுவா சொன்னார்." துண்டைப் பிழிகிறாள். பிழிந்ததையே மறுபடி பிழிகிறாள். "வரிசையில எல்லாரும் சிரிச்சாங்களா?" "சிரிச்சாங்க." "சிரிச்சிருப்பாங்க" என்று தலையை ஆட்டுகிறாள். அந்த நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு லேசாக இருந்தது. முடிந்துவிட்டது, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் திரும்பினாள். முகத்தில் தண்ணீர், அது வாளித் தண்ணீராகவும் இருக்கலாம். "அவரைப் பத்தி நீங்க சொன்னது ஒரு வாய்த் தவறு. அதை நான் செரிச்சுக்குவேனோ மாட்டேனோ, அது எனக்கும் அவருக்கும். ஆனா அந்த அம்மா" என்று கோடிக் குழாயைக் கண்ணால் காட்டினாள். "இத்தனை வருஷம் அந்த அம்மா வாசலைத் தாண்டும்போதெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஒரு தரம் வழுக்கி விழுந்தா, நான் தூக்கல. தாண்டிப் போனேன். அப்ப நீங்க என் பக்கத்துல வந்துக்கிட்டிருந்தீங்க. என்னை இப்படிப்பட்டவளா ஆக்கிட்டு, என் கூடவே நடந்து வந்தீங்க." அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பனி விழுந்த நாள். நான் ஒரு நொடி நின்றேன், பிறகு ஹிசா சானின் குடைக்குள் போய்விட்டேன்.

எழுந்துகொண்டாள். வாளியைக் கவிழ்த்து மணை மேல் வைத்தாள், எப்போதும் வைக்கிற மாதிரி, நேராக. "பிள்ளைங்க கல்யாணம் நடக்கும். தட்டு காலைல பத்து மணிக்கு வரும். அதுல நீங்களும் நானும் கை வைக்க வேண்டாம், அதுங்க நல்லா இருக்கட்டும்" என்றாள். நான் நெற்றி ஈரத் தரையில் படக் குனிந்தேன். "எழுந்திரிங்க, ஜனங்க பாக்கறாங்க. இன்னொண்ணு. நான் நாலு மணிக்கு வருவேன். நீங்க இனிமே அஞ்சு மணிக்கு வாங்க." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வரும் துணியை எடுங்கள் என்கிற குரலில். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள், உடை மாற்றுகிற இடத்தில் அவள் உருவம் மங்கலாக அசைகிறது, கை ஜாக்கெட்டுக்குள் போக மாட்டேன் என்கிறது, இரண்டு தரம் தப்பாகப் போட்டுக் கழற்றுகிறாள். நான் ஓடிப்போய்ப் போட்டுவிட முடியாது. அஞ்சு மணி. அஞ்சு மணிக்குத் தண்ணீர் கலங்கியிருக்கும், அஞ்சு மணிக்கு யார் என் முதுகை, சீ, இப்போதும் உன் முதுகா. எழுந்திரு. எழுந்து நில். வீட்டுக்குப் போ, நோபுகோ வேலை முடிந்து வந்திருப்பாள், அவளுடைய கிமோனோவுக்கு இஸ்திரி போட வேண்டும். போகலாம். இன்றைக்கு இவ்வளவு போதும், ஒரே நாளில் எத்தனை. நாளை மறுநாள் போய் அந்த அம்மாவைத் தனியாக, அவள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. சந்து முனை வரைக்கும் போவேன். எனக்குத் தெரியும் என்னை. சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். மூன்றாவது முறை, நாலாவது முறை. என் வாளியை எடுத்துக்கொண்டேன். கதவுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு, கோடிக் குழாய்ப் பக்கம் திரும்பினேன். காலியாக இருந்த மணையில் உட்கார்ந்தேன். குரோதா சானின் மனைவி திடுக்கிட்டு, அது என் இடமோ என்று நினைத்துத் தன் வாளியை நகர்த்தப் போனாள். "இல்லம்மா, இருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." சொன்னேன். ஹிசா சானிடம் சொன்ன மாதிரியே, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. உங்கள் வீட்டுக்காரர் இல்லை, நான். அவள் சோப்பை நுரைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு காதுக்குப் பின்னால் கையை வைத்து, "குண்டு விழுந்ததுலேர்ந்து காது மந்தம். சத்தமா சொல்லுங்க" என்றாள். ஏழெட்டுப் பேர். மீன்கடைக்காரர் மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கூரை உயரம், இங்கே ஒரு வாளி விழுந்தாலே ஆண்கள் பக்கம் வரை எதிரொலிக்கும். சொன்னேன். "இசாகு சானைக் காட்டிக் குடுத்தது உங்க வீட்டுக்காரர் இல்ல. வரிசையில பேசினது நான், தொமே. பழியை உங்க வீட்டுக்காரர் மேல போக விட்டதும் நான்." என் குரல் ஃபூஜி மலையில் மோதித் திரும்பி வந்தது, பழைய இழுவையோடு, என் ஊர் இழுவையோடு. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் யாரோ மூடினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹிசா சானின் உருவம் அசையாமல் நின்றது. குரோதா சானின் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கூன் முதுகை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்திக்கொண்டு, அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அவசரப்படாமல் வரிசையாகப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இப்ப நல்லா கேட்டுச்சு" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க." நான் மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.